வாயில் கடித்த பறி

காயலில் முழங்காலளவு நீரில் கன்னியம்மா குனிந்து, சேற்றுக்குள் இறால் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்திருந்தாள். அவள் கலக்கிவிட்ட சேற்றில் பூநாரைகள் அலகை விட்டு மேய்ந்தன.

கரையில், டிக்கெட் எடுத்துப் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறியவர்கள் பைனாக்குலரை இறக்கினார்கள். “அந்தம்மா குறுக்க நிக்குது. போட்டோவே கெடுது” என்றார் ஒருவர்.

சரணாலயக் காவலாளி கத்தினார்: “ஏம்மா, கரையேறு! பறவைங்க பயப்படுதுல்ல?”

பயந்த பறவை ஒன்றும் அங்கே இல்லை. பறியைக் கடித்த வாயால் அதைச் சொல்லவும் முடியாது. அவள் நிமிரவே இல்லை.

காவலாளி விசில் ஊதினார். அத்தனை பூநாரைகளும் ஒன்றாக எழும்பிப் பறந்துபோயின. காயலில் அவள் மட்டும் மிஞ்சினாள். கோபுரத்தில் இருந்தவர்கள் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பூநாரை அவள் முதுகுக்குப் பின்னால் வந்து இறங்கியது. பிறகு இன்னும் சில இறங்கின. காவலாளியின் கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோனது.

அப்போதுதான் கன்னியம்மா நிமிர்ந்தாள். சேறு வழியும் கையால் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஊதுய்யா” என்றாள். “இன்னொரு வாட்டி ஊது, பாக்கலாம்.”

பறியை மறுபடி கடித்துக்கொண்டாள். ஆனால் குனியவில்லை.