நான்கு விரல் மடிப்பு

வளரும் எலும்பில்தான் அடிபடுகிறது என்று, போட்டிகள் முடியும்வரை வளர்ச்சியை நிறுத்திவைக்கும் ஊசியை அந்த விளையாட்டு விடுதியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் ஷைனிக்கு ஊசி ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. போட்டிகள்தான் முடிவதாக இல்லை. இதுவரை அவளுக்கு ஒரு சுளுக்குகூட வந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். கூடவே இரட்டைத் தங்கை ஷெர்லி. அவளை ஷைனி அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"தங்கச்சியப் பாக்க வந்தியாம்மா?" என்று வார்டன் ஷெர்லியிடம் கேட்டார்.

"நான்தான் மேடம் அக்கா. நாலு நிமிஷம் மூத்தவ," என்றாள் ஷைனி. வார்டன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வருடா வருடம் போல அம்மா ஒரே துணியில் இரண்டு பாவாடை தைத்திருந்தாள்.

"ஒன் பழைய அளவுதான் மக்ளே. சரியா இருக்கா?"

கச்சிதமாக இருந்தது.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு, ஷைனி அறையில் தனியாக உட்கார்ந்து பாவாடையின் கீழ்விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். வளர வளரப் பிரித்துவிட, அம்மா எப்போதும் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பாள். ஷெர்லி உடுத்தி வந்திருந்த பாவாடையில் அந்த மடிப்பு தடிமனாகத் தெரிந்திருந்தது.

இதில் அம்மா மடிப்பே வைக்கவில்லை.