ஆமைக்கு ஆகாதது

செங்கமலத்தின் புருஷன் வைரவனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் கிணற்றடிக்கு வந்த ஆமை, அப்புறம் போகவேயில்லை. "பரங்கிக்காய், செம்பருத்தி இலை குடுங்கம்மா. வெங்காயம் மட்டும் வேண்டாம், உசிருக்கே ஆகாது" என்றார் மாட்டு டாக்டர். அவள் போட்ட பரங்கித் துண்டுகளை ஆமை மூக்கால் தள்ளித் தட்டின் இடது ஓரத்தில் ஒதுக்கியது. வைரவன் காலமெல்லாம் பரங்கிக்காயை ஒதுக்கிய அதே ஓரம். பழைய சோற்றுக்கு அவள் சின்ன வெங்காயம் உரித்தால் மட்டும், ஆடி அசைந்து வந்து கழுத்தை நீட்டியது. செம்பருத்தி இலையையும் அது தொடவில்லை; பத்து நாள் பட்டினி. பதினோராம் நாள் ஒரு வெங்காயத்தை அதன் வாய்வரை கொண்டுபோனவள், சட்டென்று தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"மறுபடியும் என்னை விட்டுட்டுப் போகலாம்னு பாக்குறீங்களா? பேசாம பரங்கிக்காயைச் சாப்பிடுங்க."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டுக்குள் யாரோ இருமினார்கள்.