விசிலுக்குத் தடை

அரங்கமே அதிரும்படி சங்கு அலறியது. நடுவர் இயந்திரம் செண்பகவல்லியின் விசிலைப் பிடுங்கிக்கொண்டது.

“எதிரணி புகார். விசில் கூடாது. ஜோடிகள் வாயால் பேசிக்கொள்ளலாம்.”

உலகக் கலப்பு இரட்டையர் டென்னிஸ் கோப்பைக்கு இப்போதெல்லாம் வீரர்களை யாரும் தேடுவதில்லை. நாட்டிலேயே ஒத்துப்போய் வேலை செய்யும் ஓர் ஆணையும் பெண்ணையும் கணினி பொறுக்கி எடுத்து, இரண்டே மாதத்தில் மட்டை பிடிக்கப் பழக்கிவிடும். இந்தியாவுக்கு அது கண்டெடுத்தது சங்கரன்கோவில் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் செண்பகவல்லியையும் டிரைவர் சுடலைமுத்துவையும். நான்கு வருடமாக இருவருக்கும் இடையே ஒரு பிசகு கிடையாது. நான்கு வருடமாகப் பேச்சும் கிடையாது என்பதைக் கணினி கவனிக்கவில்லை. ஒரு விசிலுக்கு அவர் வண்டியை நிறுத்துவார், இரண்டுக்கு எடுப்பார். மைதானத்திலும் அதே விசிலை வைத்தே இறுதிப் போட்டிவரை வந்தாயிற்று.

இன்னும் ஒரே புள்ளி. சிலி நாட்டு ரொட்டிக்கடை ஜோடி பந்தை உயரத் தூக்கி அடித்தது. அது கோட்டுக்கு வெளியே போவது செண்பகவல்லிக்குத் தெரிந்தது. சுடலைமுத்துவோ மட்டையை ஓங்கிவிட்டார்.

“அண்ணாச்சி, தொடாதீங்க! வெளிய போவுது!”

மட்டை அந்தரத்தில் நின்றது. பந்து வெளியே விழுந்தது. கோப்பை இந்தியாவுக்கு!

சுடலைமுத்துவுக்கு வாயெல்லாம் பல். “ஒருவழியா பேசிட்டியே, தாயி!”

“பேசாம? நாலு வருசத்துக்கு முன்னால புளியங்குடி ஸ்டாண்டுல என்னைய ஏத்தாமலே வண்டிய எடுத்துட்டுப் போனீங்கள்லா, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க!”