பதினேழாம் எண் ஜெர்சி

வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் பதினேழு என்ற எண் புத்தம் புதிதாகப் பளபளத்தது. கழுத்தோரம் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிய அவசரத்தில் அதைப் பிய்த்துப் போடக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை போலும். வால்ட் நொவிட்ஸ்கி முகத்தைச் சுளித்தார்.

அவர் அக்குளிலும் அதே எண் ஜெர்சி ஒன்று சுருண்டு கிடந்தது. பழையது. கையெழுத்து வாங்க அல்ல, கோல்ட்டன் ரீவ்ஸின் மூஞ்சியில் வீசிவிட்டுப் போகக் கொண்டு வந்தது. அவன் ஜெர்சி இருந்தால்தான் கடைக்குள் விடுவார்களாம்.

மில்வாக்கியில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர் வால்ட். அத்தனை வருடமும் ஒரு சீசன் விடாமல் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவர். ஆறு ஆட்டத் தடை முடிந்து, பதினேழாம் எண் ஆட்டக்காரன் ரீவ்ஸ் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்குகிறான். அதற்கு முன்னால் ரசிகர்களைச் சந்திக்கிறானாம், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

“எவ்வளவு குடுத்தீங்க இதுக்கு?” என்று அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

“நூத்து முப்பது டாலர்.”

“ஒரு பொண்ணோட தாடையை உடைச்சவனுக்கு நூத்து முப்பது. நல்லா இருங்க.”

அவள் திரும்பினாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். பல நாள் தூங்காத கண்கள்.

“தெரியும் சார்” என்றாள்.

தெரிந்தே வாங்கியிருக்கிறாள். வால்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“சாக்ஸ் இறங்கியிருந்தா அபராதம் போடற லீக்கும்மா இது. ஊக்க மருந்து சாப்பிட்டா எட்டு ஆட்டம் வெளிய உக்காரணும். பொண்ணை அடிச்சா ஆறுதான். மாத்திரையை விட மலிவா போச்சு பொண்ணோட தாடை.”

பின்னால் நின்ற தடியன் ஒருவன் சிரித்தான். “ஏன் பெருசு, களத்துல எப்படி ஓடறான்னு மட்டும் பாருங்களேன். வெளிய என்ன பண்ணினா நமக்கென்ன?”

“நானும் அப்படித்தான்டா பார்த்துட்டு இருந்தேன். இவனுக்கு முன்னால ஒருத்தன் குடிச்சுட்டு ஒரு ஆள் மேல காரை ஏத்தினான். அடுத்த வருஷம் அவன் டச்டவுன் போட்டப்ப எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். இப்ப நெனச்சா என் கையை நானே வெட்டிக்கலாம் போல இருக்கு.”

தடியன் கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வரிசை நகர்ந்தது. வால்ட் மறுபடி முன்னால் நின்றவளிடமே திரும்பினார்.

“போலீஸ் சாட்சி இல்லைன்னு கேஸை மூடிட்டாங்க. அவன் அடிச்ச அந்த ஓட்டல் பொண்ணு தனியா வழக்குப் போட்டா. கோர்ட் சம்மன் கைக்கே வரலைங்கறான் இவன். மூணு மாசமா அதைக் குடுக்க அவன் வீட்டு கேட்டைத் தாண்டி ஒருத்தனும் உள்ள போக முடியல. கையில வாங்காத வரைக்கும் வழக்கு நகராதுன்னு நேத்து அவன் வக்கீல் டிவியில பல்லைக் காட்டறான்.”

“ம்” என்றாள். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, “மேஜைகிட்ட தொப்பி போட்டுட்டு இருக்காரே, அவரா? இல்ல பக்கத்துல உக்காந்திருக்கவரா?” என்று கேட்டாள்.

வால்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆளையே அடையாளம் தெரியாது. எண்ணை மட்டும் முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“தொப்பிக்காரன்தான். உங்களை மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் அவன் இன்னும் பத்து தாடையை உடைப்பான். தைரியமா உடைப்பான்.”

அவள் முகம் ஒரு கணம் கோணியது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். உறைத்திருக்கிறது, உறைக்கட்டும் என்று வால்டுக்குத் திருப்தியாக இருந்தது.

அவள் முறை வந்தது. வால்ட் தன் ஜெர்சியைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டார். ரீவ்ஸ் பேனாவைத் தூக்கிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

“எதுல போடணும்மா கையெழுத்து?”

“நீங்கதானே கோல்ட்டன் ஜேம்ஸ் ரீவ்ஸ்?”

“என் ஜெர்சியைப் போட்டுக்கிட்டே என்னை யாருன்னு கேக்கறீங்க. நானேதான்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, நீட்டிய அவன் கையிலேயே வைத்தாள். அவன் சிரித்தபடி உள்ளேயிருந்த தாளை உருவி மேஜையில் விரித்தான். கையெழுத்துப் போடக் குனிந்தவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டான்.

வால்ட் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மேலே நீதிமன்ற முத்திரை. கீழே கொட்டை எழுத்தில் ரீவ்ஸின் முழுப் பெயர்.

ரீவ்ஸ் தாளைச் சுட்ட சட்டி போல உதறினான். சுற்றிலும் இருபது கைபேசிகள் அவன் வாங்கியதைப் படம் பிடித்து முடித்திருந்தன. காவலாளிக்கு எதற்காக ஓடி வருகிறோம் என்றே தெரியவில்லை.

அவள் அந்தப் புது ஜெர்சியைத் தலை வழியாகக் கழற்றி, மடித்து, மேஜை மேல் வைத்தாள். ஜெர்சியை வீச ஓங்கியிருந்த வால்டின் கை தானாகக் கீழே இறங்கியது.

“யார் நீ?” என்றான் ரீவ்ஸ். “இதை உங்கிட்ட யாரு குடுத்து அனுப்பினது?”

“எம் பொண்ணு. இப்பதான் வாயைத் திறந்து பேசறா.”