பத்து அடிக்கு எத்தனை

"ஏழு" என்றாள் அவள், காலைத் தேய்த்துக்கொண்டே.

முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், துணி சுற்றிய பிரம்பால் பத்து அடி. அடித்து முடித்ததும் மாஸ்டர் "எத்தனை?" என்பார். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிறதென்றால் பத்து.

மூன்றுக்கு மேல் சொல்கிறவர்கள் சண்டை மேடையைக் கனவில்தான் பார்க்கலாம். அந்தப் பயிற்சிக் கூடத்தின் சட்டம் அது. பொய் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கேட்கும்போது மாஸ்டர் முகத்தைத்தான் பார்ப்பார்.

நான்கு மாதமாக அவள் ஏழிலிருந்து இறங்கவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

பல் ஆஸ்பத்திரியில் சாயங்கால ஷிப்டில் வேலை. தினமும் அடுத்தவர் வலிக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தன் வலியை அடக்கத் தெரியவில்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

மாஸ்டருக்கே மனசு கேட்கவில்லை. கடைசியாக இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்குள் டிரைவர் அண்ணன் எப்படி நிற்கிறார் என்று கவனி என்றார்.

சொல்லவே வேண்டாம். ஒரு மாதமாக அவளுக்கு வேறென்ன வேலை?

டிரைவர் அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றப் போகும்வரை இங்கேதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு சேர்ந்த புதிதில் அவரும் ஏழு, எட்டு என்று அலறியவர்தானாம். இப்போது எப்போது கேட்டாலும் பூஜ்யம்.

அந்த மனுஷன் என்னதான் செய்கிறார்?

பல்லைக் கடிக்கவில்லை. கடித்தால் அவளுக்குத் தெரியாமல் போகுமா, பிழைப்பே பல்லாயிற்றே. மந்திரம் ஏதும் முணுமுணுக்கவில்லை. பெரிய பாட்டில் தண்ணீரை மணிக்கு ஒருமுறை காலி செய்கிறாரே, அதில் ஏதாவது கலக்கிறாரோ என்று ஒரு நாள் வாங்கிக் குடித்தும் பார்த்தாள். வெறும் தண்ணீர்.

மற்றபடி அவர் ஒன்றும் பெரிய சாமர்த்தியசாலி இல்லை. இன்றைக்கு ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. தேடிப் போனால், தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் படிக்கட்டின் அடியில் கிடந்தது. கூடமே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பஸ்ஸும் தன்னை மாதிரியே ஆகிவிட்டது, பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கிறது, மெக்கானிக்கைக் கேட்டால் ஒன்றுமே இல்லை என்கிறான் என்றார்.

இப்போது பிரம்பு அவர் காலில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அவருடைய கண்ணிமையையே பார்த்திருந்தாள். ஒன்பதாவது அடிக்கு ஒரே ஒரு தடவை சிமிட்டினார். அதுவும் ஈ வந்ததால்.

பூஜ்யம்.

ரகசியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவள் வழியை மறித்தாள். எல்லாம் மனசுதான் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு அவர் விரிப்பின் மேல் நடந்தார். நாலடி போயிருப்பார், நின்றுவிட்டார்.

நீல விரிப்பில் சிவப்பாக ஒரு பொட்டு. வாசல் பக்கமாக இன்னொன்று. அப்பால் இன்னொன்று.

"யாருக்கோ கால்ல கிழிச்சிருக்குப்பா. எல்லாரும் அவங்கவங்க பாதத்தைப் பாருங்க" என்றார் டிரைவர் அண்ணன்.

எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று சொல்லிக்கொண்டே அவர் மூலையில் கிடந்த துணியை எடுத்துக் குனிந்து துடைக்க ஆரம்பித்தார். முன்னால் இருந்ததைத் துடைத்துவிட்டு ஓர் அடி வைத்தார். பின்னால் புதிதாக ஒன்று விழுந்தது.

அவருடைய வலது குதிகாலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது.

மாஸ்டர் கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்தார்.

பல் பிடுங்குவதற்கு முன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவள் கேட்கிற கேள்விதான். இவரிடம் மட்டும் இத்தனை நாளாகக் கேட்கத் தோன்றவில்லை. சுகர் இருக்கிறதா என்று கேட்டாள்.

அவர் இதுவரை பார்த்ததே இல்லையாம். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சிரித்தார்.

அவளுடைய கால் எலும்பு இன்னும் விண்விண்ணென்று தெறித்தது. முதன்முறையாக அதன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

சுவரில் மணி இரண்டே முக்கால். யாரோ பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அவள் அதை வாங்கவில்லை. அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"முதல்ல பஸ் சாவியைக் குடுங்கண்ணே."