மாடித் தக்காளி

"கடைத் தக்காளியை இந்த வீட்டு வாசப்படி ஏத்தாதீங்க. அத்தனையும் மருந்து!"

மாமியார் இதைச் சொல்லாத நாளே கிடையாது. மொட்டை மாடியில் தொட்டி வைத்துத் தாம் வளர்த்த தக்காளியைத் தவிர வேறெதையும் அவர் அடுப்பில் ஏற்றுவதில்லை. முழங்கால் வலியால் அவர் படியேற முடியாமற்போன பிறகு, பறித்துக்கொண்டு வரும் பொறுப்பு மாமனாருடையதாயிற்று.

மருமகளுக்கு அது வசதியாகவே இருந்தது. உணவு ஆய்வகத்தில் அவள் ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தாள். காயின்மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் நிறமாலையைப் புள்ளியியல் கணக்கில் போட்டு, பூச்சிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று அது சொல்ல வேண்டும். 'மாடல்' என்று பேர் பெற்ற அந்தக் கணக்குக்கு மருந்து பட்டது எது, படாதது எது என்று முதலில் காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். பட்டதற்குக் கடைத் தக்காளி. படாததற்கு மாடித் தக்காளி.

மாடலோ, இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சாதித்தது.

"உன் மாடலுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாம்மா?" என்றார் ஆய்வகத் தலைவர். "இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

அன்றைக்கே அவள் மாடித் தக்காளியை அரைத்துப் பழைய முறையில் ரசாயனச் சோதனைக்கு அனுப்பினாள். அனுமதித்த அளவுக்குள்தான், ஆனால் மருந்து இருந்தது!

வாய் கிழியப் பேசிவிட்டு, மாமாவை ஏவி மருந்து அடிக்கச் சொல்கிறாரா அத்தை?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாடியேறினாள். தொட்டிகளில் காய்ந்த குச்சிகள்தாம் நின்றன.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார் மாமனார். பையிலிருந்த தக்காளியைக் கூடைக்கு மாற்றப் போனவர், மருமகளைக் கண்டு திருதிருவென்று விழித்தார்.

"காட்டிக் குடுத்துடாதேம்மா. பூச்சி விழுந்து எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. பிள்ளை மாதிரி வளத்தா. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவா."

"அதுக்காகத் தினமும் சந்தை வரைக்குமா நடக்கறீங்க, மாமா? தெருமுனையிலயே கடை இருக்கே!"

"அந்தக் கடைக்காரன் வாயில எதுவும் தங்காதே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன உயிரும் திரும்பி வந்தது. மாடலுக்குக் கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது; காட்டியவள்தான் ஏமாந்திருக்கிறாள். மருந்து படாத தக்காளியை ஆராய்ச்சிப் பண்ணையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாமனார் கூடையோடு முன்னால் இறங்கிப் போனார். சற்றுப் பொறுத்து அவள் கீழே வந்தபோது, சமையலறையில் மாமியார் தக்காளியை உப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுத் தக்காளியை எதுக்கு அத்தை இந்தப் பாடு படுத்தறீங்க?"

மாமியார் கூடத்தை எட்டிப் பார்த்தார். மாமனார் செய்தித்தாளுக்குள் மூழ்கியிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாடிக்குப் போறவர் எதுக்கும்மா செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருக்கதவைத் திறக்கணும்? நடங்க நடங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டப்போ அசையாத மனுஷன்! இப்பத்தான் சர்க்கரை இறங்கியிருக்கு. நீ பாட்டுக்கு மாடியில புதுசா செடி கிடி வெச்சுத் தொலைக்காதே!"