கரட்டுச் சரிவில் ஒரு மனை

“ரெண்டு மாடி சார். முன்னால பால்கனி வச்சு,” என்றாள் வெயிலுகந்தம்மாள். அவளுக்குப் பின்னால் அந்தக் கரட்டுக் குன்றில் ஏறி வந்த பூவனலிங்கம் மூச்சு வாங்க நின்றார்.

அவர் நிலவியல் ஆய்வாளர். சரிவில் வீடு கட்ட யாராவது அனுமதி கேட்டால், மண் சரியுமா சரியாதா என்று நேரில் பார்த்து எழுதித் தருவது அவர் வேலை. கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே, இந்தக் கரிசல் காட்டில் இருந்து அப்படி ஒரு மனு வந்ததே அவருக்கு ஆச்சரியம்.

வரைபடத்தை விரித்தார். “எத்தனை ரூம்மா?”

“பிளான் போட்டவரு எழுதியிருப்பாருல்லா சார். பாத்துக்கிடுங்க.”

தன் வீட்டில் எத்தனை அறை என்று தெரியாத ஆளை அவர் அன்றுதான் பார்த்தார். தான் குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்தாள். மகன் யாராவது வெளிநாட்டில் இருப்பான், அவன் ஆசையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் கைப்பிடிவரை இறங்கியது. சுற்றிலும் உடைமரங்கள், மண் மெல்ல நகர்வதற்கு அடையாளமாக, அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தன. அடிவாரத்தில் யாரோ லாரி லாரியாகச் சரளை அள்ளி, சரிவைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் மேல வாங்க சார். ஒண்ணு காட்டுதேன்.”

அவள் முள்ளை ஒதுக்கிய இடத்தில், சரிவின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. பூவனலிங்கம் குனிந்து கையை விட்டார். முழங்கைவரை போனது.

“கரிசல்ல வெடிப்பு கோடைக்கு விரியும், மழைக்கு மூடிக்கிடும். இது மழை பெய்யப் பெய்ய விரியுது சார். ரெண்டாயிரத்து இருபத்திமூணு டிசம்பர் மழைக்கு முன்ன விரல் அகலந்தான் இருந்துச்சு.”

“இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா இங்கன வீடு கட்ட வந்தீங்க?”

அவள் கீழே கை காட்டினாள். “சரிஞ்சா எதுவரைக்கும் சார் வரும்?”

பூவனலிங்கம் கீழே பார்த்தார். கரட்டை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். வாசல்களில் பெண்கள் கூடி நின்று இவர்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கும்போதே அவர்களைக் கவனித்திருந்தார். மேலே வீடு வரக் கூடாது என்று சொல்லத்தான் நிற்கிறார்கள் போலும்.

“அந்த வீடுகளையும் தாண்டித் தார் ரோடு வரைக்கும் வரும். இங்க அஸ்திவாரம் தோண்டினா இன்னும் சீக்கிரம் வரும்.” அவருக்குக் கோபம் ஏறியது. “நீங்க பாட்டுக்குப் பால்கனி கேக்கீங்க. அங்க பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்காங்களே, அவங்களைக் கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தீங்களா?”

“அதையும் எழுதிருங்க சார். எத்தனை வீடு போகும்னு கணக்காப் போட்டு எழுதுங்க.”

“கட்டக் கூடாதுன்னுதான் எழுதப் போறேன்.”

“எழுதுங்க சார்.”

பாறையில் உட்கார்ந்து எழுதினார். மழைக்காலத்துக்கு முன் சரிவைச் சீர்செய்து தடுப்புச் சுவர் எழுப்பாவிட்டால், கீழே உள்ள பன்னிரண்டு வீடுகளுக்கும் உயிராபத்து என்று கடைசியில் சேர்த்தார். கையெழுத்துப் போட்டதும், “சீல் வைக்கணும்லா?” என்றாள். பையிலிருந்து முத்திரையை எடுத்து வைத்து, நகலை அவளிடம் நீட்டினார்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது கண் கலங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பூவனலிங்கத்துக்குச் சங்கடமாகிவிட்டது. அனுமதி இல்லை என்றதும் சத்தம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறார். அமைச்சர் பெயரைச் சொல்லி மிரட்டியவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு சொல் பேசாமல் அழுத ஆளைப் பார்த்ததில்லை.

“விடுங்கம்மா. வேற எடத்துல கட்டிக்கிடலாம். பெரிய ஆபத்துல இருந்து தப்பிச்சீங்கன்னு நெனச்சுக்கிடுங்க.”

அவள் சரிவின் விளிம்புக்குப் போய்க் கீழே குரல் கொடுத்தாள். “ஏட்டி முப்பிடாதி, எழுதிக் குடுத்துட்டாவ. திங்கக்கிழமை எல்லாரும் கலெக்டர் ஆபீசுக்குப் போயிரலாம்.”

கீழே ஒருத்தி அவர் நின்ற திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள்.

பூவனலிங்கத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. “அப்ப ஒங்க வீடு?”

“அந்தா தெரியுதுல்லா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. மூணாவது வீடு.”

“அதக் கேக்கலம்மா. இங்க கட்டப் போற வீடு.”

“நான் எங்க சார் கட்டப் போறேன்? இந்தக் கரட்டை வந்து பாருங்கன்னு மூணு வருசமா மனு குடுத்தோம்.” வெயிலுகந்தம்மாள் தாளை மடித்துப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“குடியிருக்கவியளுக்கு வர மாட்டியளாம், கட்டப் போறவியளுக்குத்தான் வருவியளாம்.”